பெயின்ட் வாசனையைச் சாப்பிடும் பாக்டீரியா... வார இறுதியில் மட்டும் காயப்போடணும்!

புது பீரோ வீட்டுக்கு வந்து இறங்கினால், பீரோவுக்கு முன்னால் அதன் வாசனை உள்ளே வந்துவிடும். கதவைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். 'புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல போயிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான், போயிடும். ஆனால், எங்கே போகும்?

இந்த வாரம் நாம் பிடித்துக்கொள்ளப் போவது இந்தச் சின்னக் கேள்வியைத்தான். வீட்டில் ஒரே ஒரு பீரோ. அதே பீரோக்களையும் கட்டில்களையும் கார்களையும் காலையிலிருந்து இரவு வரை வரிசையாக நிறுத்தி ஸ்ப்ரே அடிக்கும் ஃபேக்டரியில் அந்த வாசனை என்ன ஆகிறது? அதைப் பிடித்துச் சாப்பிட ஒரு பாக்டீரியா கூட்டத்தையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? சம்பளம் கிடையாது. சாப்பாடே அந்த வாசனைதான். வார இறுதியில் மட்டும் கொஞ்சம் காயப்போட வேண்டும். அது ஏன் என்பதைக் கடைசியில் இல்லை, நடுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசனை என்பது தின்னர்தான்!

பெயின்ட்டில் மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன. நிறம் கொடுக்கும் தூள், அதைப் பரப்பில் ஒட்டவைக்கும் பிசின், இந்த இரண்டையும் தண்ணியாக இளக்கி வைத்திருக்கும் கரைப்பான். நாம் 'தின்னர்' என்று சொல்வது இந்தக் கரைப்பான் வகையறாவைத்தான். டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிடேட் என்று அதற்குள் ஒரு கூட்டணியே இருக்கும்.

இந்த வகை பெயின்ட் 'காய்ந்துவிட்டது' என்று நாம் சொல்லும்போது நடப்பது ஒன்றுதான். தூளும் பிசினும் இரும்பில் தங்கிவிட்டன. கரைப்பான் கிட்டத்தட்ட மொத்தமும் காற்றோடு போய்விட்டது. அதாவது, ஃபேக்டரிக்குள் டின் டின்னாகப் போகும் தின்னர், பொருளோடு வெளியே வருவதில்லை. ஜன்னல் வழியாகவோ புகைபோக்கி வழியாகவோ காற்றாகத்தான் வெளியே வருகிறது.

இப்படிச் சட்டென்று ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு 'வி.ஓ.சி' என்று பெயர். வெயிலும் வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் இவற்றோடு சேர்ந்தால், தரையோரக் காற்றில் ஓசோன் உருவாகும். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்கு மட்டத்துக்கு இறங்கினால் நுரையீரலை எரிச்சல்படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தி எடுக்கும்.

இன்னும் நெருக்கமான ஆபத்து, துப்பாக்கியைப் பிடித்து ஸ்ப்ரே அடிப்பவருக்கு. டொலுயீன் ஆவி நேராக நரம்பு மண்டலத்தைத் தொடும். அன்றைக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு ஞாபகமறதி, காரணமில்லாத எரிச்சல், கவனக்குறைவு என்று வருவதை டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் 1970-களிலிருந்து கவனித்து, 'பெயின்ட்டர் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1989-ல் பெயின்ட்டர் வேலையையே 'குரூப் 1' பட்டியலில் சேர்த்தது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் உள்ளவை இருக்கும் பட்டியல் அது.

பயப்பட வேண்டாம். இது ஆயுள் முழுக்க அந்த வேலை செய்பவர்களைப் பற்றிய முடிவு. பீரோவை மோந்து பார்த்தவர்களைப் பற்றியது இல்லை. ஆனால், அந்தப் பீரோவுக்கு நிறம் கொடுத்தவரைப் பற்றியது. அவரை இந்தக் கட்டுரை முடியும் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் கரைத்த பெருங்காயம்

'சரி, அந்தக் காற்றைப் பிடித்து எரித்துவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். பெரிய ஃபேக்டரிகள் பல அதைத்தான் செய்கின்றன. சுமார் 750 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கரைப்பான் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஸ்ப்ரே பூத்திலிருந்து வரும் காற்றில் கரைப்பான் ரொம்பக் கொஞ்சம். காற்று ரொம்ப ரொம்ப அதிகம். உள்ளே வேலை செய்பவருக்கு மூச்சு முட்டக் கூடாது, ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும் அளவை எட்டிவிடக் கூடாது என்பதற்காக ராட்சத ஃபேன் போட்டு விடாமல் காற்றை இழுப்பார்கள். முடிவில் புகைபோக்கியில் வருவது கடலில் கரைத்த பெருங்காயம். அந்தத் துளிப் பெருங்காயத்தை எரிக்க, கடலையே கொதிக்க வைக்க வேண்டும். அதற்கு கேஸ் எரிக்க வேண்டும். கேஸுக்குக் காசு, கேஸ் எரிந்தால் மேலும் புகை.

இன்னொரு வழி, ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டு வாட்டர் ஃபில்டரில் ஒரு கரிக் குழாய் இருக்குமே, அதே சரக்கு. கரைப்பானை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால், பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அழிக்காது. நிரம்பியதும் அந்தக் கரியை எங்கேயாவது கொண்டுபோய்ச் சூடாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்தான கழிவாகக் கணக்கு வைத்து அகற்ற வேண்டும். காற்றில் இருந்த குப்பை மூட்டைக்குள் போகிறது. குப்பை இன்னும் குப்பைதான்.

தண்ணீரில் கழுவலாமா? டொலுயீன், சைலீன் இரண்டும் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாத ஆசாமிகள். பெரும்பகுதி நழுவிப் போய்விடும்.

கொஞ்சமாக இருப்பதைத் தேடிப் பிடித்து, அறை வெப்பத்திலேயே, மிச்சம் வைக்காமல் தின்றுவிடும் யாராவது வேண்டும். அப்படி ஒரு ஆள் நம் காலுக்கடியில் மண்ணிலேயே இருந்தார்.

மண்ணுக்குத் தெரிந்த வித்தை

இது நேற்று முளைத்த ஐடியா இல்லை. கழிவுநீர் நிலையத்தின் அழுகிய முட்டை நாற்றத்தை நுண்ணுயிர்களை வைத்தே போக்கலாம் என்ற யோசனை 1923-லேயே ஜெர்மனியில் பேசப்பட்டது. 1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் என்ற இடத்தில் நாற்றக் காற்றைக் குழாய் வழியாக மண்ணுக்கு அடியில் விட்டு, மண் வழியாக மேலே வரவைத்தார்கள். நாற்றம் மண்ணிலேயே அடங்கியது. ரிச்சர்டு பொமராய் என்ற பொறியாளர் 1957-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்.

நாற்றத்திலிருந்து பெயின்ட்டுக்கு வந்தது 1980-களில். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓட்டன்கிராஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும், பெயின்ட் தொழிலில் புழங்கும் டொலுயீன், பியூட்டனால், எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆகியவற்றின் ஆவியை நுண்ணுயிர் வாழும் ஒரு படுகை வழியாகச் செலுத்தி, எது எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்று கணக்குப் போட்டார்கள். 1983-ல் வெளியான அந்தக் கணக்கு, இந்தத் துறைக்கு அரிச்சுவடி மாதிரி ஆகிவிட்டது.

டொலுயீனை எப்படிச் சாப்பிட முடியும்?

நமக்கு விஷம், அதற்கு மட்டும் எப்படிச் சோறு? நியாயமான கேள்வி.

டொலுயீன் மனிதன் கண்டுபிடித்த பொருள் இல்லை. அதன் பெயரே, கொலம்பியாவின் டோலு என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு மரப்பிசினிலிருந்து வந்தது. கச்சா எண்ணெயிலும் அது உண்டு, காட்டுத் தீயின் புகையிலும் உண்டு. கோடிக்கணக்கான வருஷங்களாக மண்ணில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்போதெல்லாம் அதைத் தின்னக் கற்றுக்கொண்ட பாக்டீரியாக்களும் இருந்தன. அவற்றில் பிரபலமானது சூடோமோனாஸ் குடும்பம்.

டொலுயீன் மூலக்கூறு, ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம். பக்கத்தில் ஒரு கார்பன் வால் மாதிரி ஒட்டியிருக்கும். அந்த வளையம் லேசில் உடையாது. பாக்டீரியாவின் என்சைம்கள், காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்து வளையத்தில் செருகி, ஒரு இடத்தில் பூட்டைத் திறந்துவிடும். வளையம் திறந்துவிட்டால் அப்புறம் அது நீட்டுச் சங்கிலி. வெட்டி வெட்டித் தின்பது சுலபம். கடைசியில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீர், கொஞ்சம் புதிய பாக்டீரியாக்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். சில சூடோமோனாஸ்களில் இந்தச் சமையல் குறிப்பு, முதன்மை மரபுத்தொகுதியில் இல்லை. 'பிளாஸ்மிட்' என்ற தனி டி.என்.ஏ வளையத்தில் எழுதியிருக்கிறது. ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றாகக் கொடுக்கும். ஊறுகாய் பக்குவத்தை எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

இந்தச் சூடோமோனாஸ் பிளாஸ்மிட்டுகளை வைத்துத்தான், மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கச்சா எண்ணெயின் பல பகுதிகளைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

'அப்படியானால் ஃபேக்டரியில் இருப்பது மரபணு மாற்றிய பாக்டீரியாவா?' என்று பதற வேண்டாம். காற்று சுத்திகரிப்புக்கு அது தேவைப்படவில்லை. பெரும்பாலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றிலிருந்து ஒரு வாளி எடுத்து வந்து ஊற்றுவார்கள். அதில் ஆயிரம் வகை இருக்கும். தின்னர் காற்று மட்டுமே சாப்பாடு என்று ஆகும்போது, அதைத் தின்னத் தெரிந்தவை பெருகும்; தெரியாதவை ஒதுங்கும். பாலில் உறை ஊற்றுவது மாதிரிதான். கொஞ்சம் ஊற்றினால் போதும், சூழல் சரியாக இருந்தால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். பாலுக்கு ஒரு ராத்திரி. இதற்குச் சில வாரங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கண்ணுக்குப் பார்த்தால் பெரிய தண்ணீர் டேங்க் மாதிரிதான் இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் வளையங்கள் போன்ற துண்டுகளை நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துண்டின் மேலும் வழுவழுப்பான ஒரு படலம் படியும். காலையில் பல் தேய்க்கும் முன் பல்லில் ஒரு வழுவழுப்பு தெரியுமே, கிட்டத்தட்ட அதே வகை. அந்தப் படலம்தான் பாக்டீரியாக்களின் குடியிருப்பு.

பெயின்ட் பூத்தின் காற்று முதலில் ஒரு முன்வடிகட்டியைக் கடக்கும். பறக்கும் பெயின்ட் துகள்கள் அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே வந்தால் படலத்தின் மேல் படிந்து அடைத்துவிடும். அதன்பின் காற்று டேங்குக்குள் நுழைந்து ஈரப் படலத்தைத் தொட்டுத் தொட்டு மேலே போகும். கரைப்பான் ஈரத்தில் இறங்கும், பாக்டீரியா சாப்பிடும், ஈரத்தில் மீண்டும் இடம் காலியாகும், அடுத்தது இறங்கும். தண்ணீரோடு ஒட்டாத டொலுயீன்கூட மெல்ல மெல்ல உள்ளே வருவது இதனால்தான். இந்தப் பயணத்துக்குச் சில விநாடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை கொடுப்பார்கள்.

வெறும் தின்னரைத் தின்று உயிர்வாழ முடியாது. பயிருக்கு யூரியாவும் பாஸ்பேட்டும் போடுவதுபோல, சொட்டும் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலக்க வேண்டும். வெப்பம் நாம் வசதியாக உணரும் அளவில் இருக்க வேண்டும். புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் இதை மெஷின் என்பதைவிட, ஒரு சின்னப் பண்ணை என்பதே பொருத்தம்.

ஸ்பெயினில் நடந்த ஒரு வருஷப் பரிசோதனை

ஆய்வகத்தில் எல்லாம் அழகாகத்தான் நடக்கும். நிஜ ஃபேக்டரியில்? இதைப் பார்க்க ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நாட்டின் ஒரு ஃபர்னிச்சர் நிறுவனத்திலேயே டேங்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் கரைப்பான் ஆவிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. ஸ்பெயினும் அதைத் தன் சட்டமாக்கியது. ஆகவே ஃபர்னிச்சர் கம்பெனிகளுக்கு இது விளையாட்டு இல்லை.

அவர்கள் வைத்த டேங்கின் கொள்ளளவு 0.75 கன மீட்டர், அதாவது 750 லிட்டர். நம் மொட்டை மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் டேங்கைவிடச் சின்னது. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓட்டினார்கள். காற்று உள்ளே தங்கிய நேரம் 10 முதல் 40 விநாடிகள். முடிவுகள் 2009-ல் வெளிவந்தன.

இரண்டு பூத்களின் காற்றை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றில் ஆள் நின்று கையால் ஸ்ப்ரே அடிப்பார். இன்னொன்று மூடிய, தானியங்கி பூத். இரண்டிலும் ஒரே தலைவலி. கரைப்பான் சீராக வரவில்லை. ஸ்ப்ரே அடிக்கும்போது குபீரென்று வரும். அடுத்த பலகையை எடுத்து மாட்டும்போது ஒன்றுமே வராது. பாக்டீரியாவுக்கு ஒரு நிமிடம் விருந்து, அடுத்த நிமிடம் விரதம். விருந்து நேரத்தில் தின்ன முடியாத மிச்சம் தப்பித்து வெளியே போய்விடும்.

தீர்வு என்ன தெரியுமா? நாம் மேலே ஓரமாக ஒதுக்கிய அதே ஆக்டிவேட்டட் கார்பன்தான். அதை டேங்குக்கு முன்னால் வைத்தார்கள். குபீரென்று வருவதைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று சுத்தமாக வரும்போது மெல்ல விட்டுவிடும். கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்றாலும், மேல்நிலைத் தொட்டி இருந்தால் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வருகிறதே, அந்த மாதிரி. கரி போட்ட பிறகு டேங்கின் செயல்பாடு நன்றாகவே முன்னேறியது. சட்டம் கேட்ட அளவுக்குள் நிற்பதும் சுலபமானது. தனியாக இருந்தால் குப்பை மூட்டையாக நிற்கும் கரி, பாக்டீரியாவோடு சேர்ந்தபோது உருப்படியான கூட்டாளி ஆகிவிட்டது.

ஃபேக்டரி விடுமுறை விட்டால்? சோறில்லாமல் செத்துவிடுமோ என்ற பயம் இருந்தது. ஆனால், ஃபேக்டரி மூடித் திறந்தபோதெல்லாம் பாக்டீரியாக் கூட்டம் கொஞ்ச நேரத்திலேயே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது.

இன்னொரு தலைவலி, நன்றாகச் சாப்பிட்டதால் வந்தது. சாப்பிட்டால் பெருகும். பெருகினால் படலம் தடிக்கும். தடித்தால் துண்டுகளுக்கு நடுவே காற்றுக்கு வழி இருக்காது. ஃபேன் முக்கி முனகித் தள்ள வேண்டும், கரன்ட் பில் ஏறும். இதற்குத்தான் அந்த வார இறுதி வைத்தியம். எப்படியும் சாப்பாடு வராத நாள்தானே என்று, படலத்தைக் காயவிட்டார்கள். மிஞ்சி வளர்ந்தது மட்டுப்பட்டது; காற்றுக்கு வழி கிடைத்தது. தலைப்பில் சொன்ன 'காயப்போடுவது' இதுதான். வாரத்துக்கு ஒருநாள் வயிற்றைக் காயப்போடச் சொல்லும் பாட்டி வைத்தியம், பாக்டீரியாவுக்கும் ஒத்துப்போகிறது!

இதனால் முடியாதவை

இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது. இனி இதன் எல்லைகளையும் பார்த்துவிடலாம்.

பெயின்ட் தூளில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருந்தால் பாக்டீரியா அதைத் தின்னாது. உலோகத்தைச் சிதைத்து இல்லாமல் ஆக்க எந்த உயிராலும் முடியாது. முன்வடிகட்டிதான் பிடிக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்ஸைடு வராமலும் இல்லை. ஒரு கிலோ டொலுயீன் முழுக்கச் சிதைந்தால், வேதியியல் கணக்குப்படி அதிகபட்சம் சுமார் 3.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. எரித்தாலும் இதே கணக்குதான். ஆனால், எரிக்கும்போது எரிபொருளின் புகையும் கூட வரும். பாக்டீரியா முறையில் மிச்சமாவது அந்த எரிபொருள்தான்.

இடமும் பொறுமையும் வேண்டும். கரைப்பான் மிக அடர்த்தியாக வரும் இடத்தில் பாக்டீரியா திணறும். அங்கே எரிப்பதே சரி. நிறைய காற்று, கொஞ்சம் கரைப்பான் என்ற இடம்தான் இதன் சொந்த ஊர். சில இடங்களில் பூஞ்சைகளையும் வேலைக்கு வைப்பார்கள். ஈரம் குறைந்தாலும் தாங்கும், டொலுயீனை நன்றாகத் தின்னும். ஆனால், அப்படிப்பட்ட சில பூஞ்சைகள் உடல் பலவீனமானவர்களுக்குத் தொற்று கொடுக்கக்கூடியவை என்பதால் எதை வளர்க்கிறோம் என்று பார்த்துத்தான் வளர்க்க வேண்டும்.

பெயின்ட்டர் எங்கே நிற்கிறார்?

இப்போது, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த பெயின்ட்டரிடம் வருவோம்.

காற்று போகும் பாதையை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள். துப்பாக்கி. அதன் பின்னால் மனிதர். அப்புறம் ஃபேன், முன்வடிகட்டி, கரி, டேங்க், புகைபோக்கி, ஊர். பாக்டீரியா நிற்பது ஊருக்கு முன்னால், பெயின்ட்டருக்குப் பின்னால். அது காப்பாற்றுவது அக்கம்பக்கத்துக் காற்றை. துப்பாக்கி பிடித்தவரின் மூச்சு, ஃபேன் எவ்வளவு வலுவாக இழுக்கிறது, முகத்தில் என்ன மாட்டியிருக்கிறார் என்ற இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது. 'எங்கள் புகைபோக்கியில் சுத்தமான காற்றுதான் வருகிறது' என்று ஒரு நிறுவனம் சொன்னால் சந்தோஷம். அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, 'உள்ளே?'

சின்னப் பட்டறைகளில் நிலைமை இன்னும் எளிது, இன்னும் மோசம். டிங்கரிங், பெயின்ட்டிங் என்று போர்டு தொங்கும் இடத்தில், ரோட்டோரமாகவே வண்டியை நிறுத்தி ஸ்ப்ரே அடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே பூத் இல்லை, ஃபேன் இல்லை, புகைபோக்கி இல்லை. பிடிக்காத காற்றை எந்த பாக்டீரியாவாலும் சுத்தம் செய்ய முடியாது. உலகத்திலேயே சிறந்த டேங்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாலும் அது பட்டினிதான் கிடக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கரைப்பானையே குறைப்பது. தண்ணீர் கலந்த பெயின்ட்டுகள் இருக்கின்றன. இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் இருக்கிறது, அதில் கரைப்பான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டாவது, வருவதைச் சிதறவிடாமல் பூத்துக்குள் பிடிப்பது. மூன்றாவதாகத்தான், பிடித்ததைச் சுத்தம் செய்வது. பாக்டீரியாவின் வேலை இந்த மூன்றாவது இடம். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெயின்ட்டர் இருக்கிறாரா?

இந்த நான்கு விஷயங்களை மட்டும் அவருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்.

* கைக்குட்டை, துணி மாஸ்க், கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க்... இவை எதுவும் தின்னர் ஆவியைத் தடுக்காது. என்95 துகள்களைத்தான் பிடிக்கும். ஆவிக்கு, கரி அடைத்த குப்பிகள் பொருத்திய அரைமுக மாஸ்க் வேண்டும். குப்பியைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மாஸ்க்கை மீறி வாசனை வந்தால், குப்பி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

* ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு டின் பாலியூரித்தேன் பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது, வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதற்குக் குழாய் வழியாக வெளிக்காற்று தரும் மாஸ்க்தான் பாதுகாப்பு.

* வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவுவது வேண்டாம். தோல் வழியாகவும் அது உடம்புக்குள் போகும். தோலும் வறண்டு வெடிக்கும்.

* தலைவலியும் கிறுகிறுப்பும் 'வேலைக்குப் பழகினால் சரியாகிவிடும்' சமாசாரம் இல்லை. வேலை நாளில் வந்து லீவு நாளில் காணாமல் போகும் தலைவலி என்றால், 'நான் பெயின்ட் அடிக்கிறேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டில் பெயின்ட் அடித்தால்? பாக்டீரியா பவுடர் எதையும் தேட வேண்டாம். ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்து வையுங்கள். வாசனை அடங்கும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம். சுவருக்குத் தண்ணீர் கலந்த எமல்ஷன் போதும் என்றால் அதையே கேளுங்கள். ஒரு பூச்செடித் தொட்டி எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நம்பிக் கதவைச் சாத்தி வைக்காதீர்கள்.

ஒரு கரண்டி சேற்றில் இருக்கும் உயிர்களுக்குச் சாப்பாடு சீராக வருகிறதா, வார இறுதியில் என்ன செய்வது என்று ஒரு ஆய்வுக் குழு ஒரு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. நல்ல விஷயம், யோசிக்கத்தான் வேண்டும். அதே அக்கறையில் ஒரு பங்கு, பூத்துக்குள் நிற்கும் மனிதருக்கும் போகட்டும். அடுத்த முறை பீரோவோ, கட்டிலோ, வண்டிக்குப் புது பெயின்ட்டோ என்று பேரம் பேசப் போகும்போது, விலையோடு சேர்த்து ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்... 'அண்ணே, நீங்க மாஸ்க் போட்டுத்தானே அடிக்கிறீங்க?'

அடுத்த வாரம் வேறொரு குட்டி உயிரோடு சந்திப்போம்!